வரிசையில் ஓய்வு

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கக் கை வரவில்லை. பயப்படாதே, உன் மாப்பிள்ளை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணியிடம் போனில் சொன்னேன். நீ வண்டியில் இருந்ததால் உனக்கு அரையும் குறையுமாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். முழுசாகச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் சைக்கிளில் ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு வழக்கமான கடைகளுக்குக் கொடுக்கப் போனார். எங்கள் ரொட்டிக்கடைக்குச் சற்றுத் தள்ளி, மருந்துக்கடை முக்கில் ஒரு பெரிய லாரி. அது எதிர்ப்பக்கமாக ஒதுங்கியது. சரி, அந்தப் பக்கம் போகப்போகிறது என்று இவர் ஓரமாகவே மிதித்திருக்கிறார். லாரி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பின்சக்கரம் சைக்கிளை இழுத்துக்கொண்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. காலை எடுக்காமல் விட்டதே பெரிது என்கிறார் டாக்டர். ஆனால் அடுப்பின் முன்னால் நாள் முழுக்க நிற்பதை இனி மறந்துவிட வேண்டுமாம். நிற்க முடியாத ரொட்டிக்காரர் என்ன செய்வார் என்று டாக்டருக்குத் தெரியவில்லை.

நேற்றே லாரிக் கம்பெனியிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்துவிட்டார். கூடைக்கு அடியில் ஒரு காகிதம். “சும்மா ஒரு கையெழுத்தும்மா. ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பார்த்துக்கறோம்” என்றார். பழத்தை வாங்கிக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செய்தது சரியா?

எதிர்வீட்டு டீச்சர் ஒரு வக்கீலம்மாவைக் காட்டினார். நல்லவர். கெட்ட செய்தி சொல்லும் முன் இருமுவார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. முதல் சந்திப்பிலேயே நிறைய இருமினார். திரும்புகிற வண்டிக்கு உள்பக்கமாக இவரே புகுந்தார், அதனால் தப்பு முழுக்க இவருடையது என்றுதான் கம்பெனி சொல்லுமாம். அப்படித் தீர்ப்பானால் காலும் போய், கடையும் போய், பழியும் இவர் தலையில்தான். எனக்குப் பழிதான் பொறுக்கவில்லை, அண்ணா.

வண்டி உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆகவே சொல். போகவேண்டிய திசைக்கு எதிராக லாரி ஏன் ஒதுங்குகிறது? உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு ஓரம் தெரியுமா, தெரியாதா? திரும்பும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வந்ததாம், அது என்ன? போனில் கேட்டால் ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் கேட்டால் தப்ப முடியாது.

அண்ணிக்கு என் விசாரிப்பு. பாப்பாவுக்கு முத்தம்.

உன் கேள்விப்பெட்டி


பிப்ரவரி 24

கேள்விப்பெட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சரியில்லை. உன் கடிதத்தைக் கிடங்கு வாசலில் கொடுத்தார்கள். படித்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டேன். மாப்பிள்ளையை வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லச் சொல். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் அவர்.

இன்றைக்கு முழுநாளும் ஓய்வு. அதனால்தான் நீளமாக எழுத முடிகிறது. சிமென்ட் ஏற்றக் காத்திருக்கிற வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கின்றன. எழுத்து கோணலாக இருக்கிற இடமெல்லாம் நான் வண்டியை நகர்த்திய இடம் என்று வைத்துக்கொள்.

முதல் கேள்வி. நீளமான வண்டியில் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் இந்தப் பக்கம் திரும்ப முதலில் அந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது எங்களுக்குத் தொழில். தெரியாதவர்கள் ‘ஓ, வழி விடுகிறான்’ என்று அந்த இடைவெளிக்குள் வந்துவிடுவார்கள். அதற்காகத்தான் திரும்பும் முன் விளக்கைப் போட்டு, ஓரக் கண்ணாடியைப் பார்த்து, ஆள் இருந்தால் நிற்கவேண்டும் என்று விதி. வருகிறவர் தெரியாமல் வருவார். ஓட்டுகிறவர் தெரிந்தவராக இருக்கவேண்டும். இதை உன் வக்கீலம்மாவிடம் சொல்.

‘புஸ்’ என்பது பிரேக்கிலிருந்து காற்று போகிற சத்தம். அவர் பிரேக்கைத் தொட்டிருக்கிறார். எந்த நேரத்தில் தொட்டார் என்பதுதான் கேள்வி.

இரண்டாவதை எழுதி விளக்க முடியாது. சந்தைக்கு வருகிற லாரிக்காரர் யாரையாவது கேட்டு, ஒரு தடவை மேலே ஏறி உட்கார்ந்து பார்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தது ரொம்பச் சரி. அந்தக் கையெழுத்து உங்கள் தலையெழுத்தாகிவிடும். டிரைவர் செய்ததற்கு முதலாளியும் பொறுப்பு, அவரை விட்டுவிட்டு டிரைவரோடு மட்டும் மல்லுக்கு நிற்காதே. வண்டியைப் பழுதுபார்க்கும் முன் பிரேக்கையும் கண்ணாடியையும் சோதிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அந்த வண்டி அதற்கு முன்னால் எங்கே நின்றது, எவ்வளவு ஓடியது என்கிற டிரிப் ஷீட்டையும் கேட்டு வாங்கலாம். வழக்குப் போடக் கெடு உண்டு, அதைத் தவறவிடாதே.

அந்த டிரைவரைச் சபிக்காதே என்று சொல்ல வாய் வருகிறது. சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டாய். விடு.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே ஒருவர் பாதி நலம், ஒருத்தி முக்கால் நலம். கூட்டிக் கழித்தால் குடும்பம் நடக்கிறது. மாவு பிசைவதை நானும் வேலைக்கு வருகிற பெண்ணும் பார்த்துக்கொள்கிறோம். உன் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, நான் பிசைவதைக் குறை சொல்கிறார். அதுவே நல்ல அறிகுறி.

நீ சொன்னபடி லாரியில் ஏறினேன். சந்தையில் வெங்காய மூட்டை இறக்குகிற பெரியவர் ஒருவரைக் கேட்டேன். “எதுக்கும்மா?” என்றார். “சும்மா பார்க்கணும்” என்றேன். “சும்மா பார்க்க மாடிப்படி இல்லையாம்மா உங்க வீட்ல?” என்றவர், விஷயத்தைச் சொன்னதும் கதவைத் திறந்துவிட்டார். புடவையோடு ஏறுவதற்குள் சந்தையே வேடிக்கை பார்த்தது.

மேலே உட்கார்ந்தால் உலகமே தெரிகிறது, பக்கத்தில் இருப்பதைத் தவிர. ஆட்டோவில் கூட வந்திருந்த உன் மாப்பிள்ளையை ஊன்றுகோலோடு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஆளைக் காணவில்லை. என் புருஷனை நானே தொலைத்துவிட்டேன், அண்ணா. பெரியவர் கீழேயிருந்து சொன்னார்: “அந்தச் சின்னக் கண்ணாடியைப் பாரும்மா. கழுத்தை நல்லாத் திருப்பிப் பாரு.” திருப்பினேன். கண்ணாடியின் மூலையில் இவருடைய நரைத்த தலையும் ஊன்றுகோலும் தெரிந்தன. கழுத்தைத் திருப்பினால் தெரிகிறது. திருப்பாவிட்டால் இல்லை. இறங்கும்போது பெரியவர், “கழுத்துல தெம்பு இருக்கணும்மா. தூங்காதவன் கழுத்து திரும்பாது” என்றார்.

இனி விஷயம். வண்டியைச் சோதித்தார்கள், பிரேக்கும் கண்ணாடியும் சரியாகவே இருக்கின்றன. டிரிப் ஷீட்டும் வந்தது. வக்கீலம்மா இருமினார். அந்த டிரைவர் முந்தைய நாள் பகலும் இரவும் முழுக்க ஓய்வில் இருந்தார் என்று எழுதியிருக்கிறதாம். நன்றாக ஓய்வெடுத்த டிரைவர், நல்ல வண்டி, ஆகவே தப்பு சைக்கிளில் வந்தவருடையது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இப்படித்தான் முடிச்சுப் போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ‘முழுநாளும் ஓய்வு’ என்று எழுதியிருக்கிறாய். அடுத்த மூச்சிலேயே வண்டியை நகர்த்தினேன் என்கிறாய். கடிதம் முழுக்க எழுத்து கோணல். ஓய்வு என்றால் எங்கள் பக்கம் காலை நீட்டிப் படுப்பது. உங்கள் பக்கம் என்ன? எல்லா டிரைவருக்கும் இதே அர்த்தமா? நீ கடைசியாக முழுசாகத் தூங்கியது எப்போது?

உன் தங்கை


ஏப்ரல் 11

கேள்விப்பெட்டிக்கு,

சுகம். அண்ணி விசாரித்தாள். நீ லாரியில் ஏறிய கதையைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அத்தையைத் திரும்ப ஏறச் சொல்கிறாள்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். இது என்ன கேள்வி, ஓய்வு என்றால் ஓய்வு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக இந்த வார்த்தையை எழுதுகிறேன், ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லையே.

எங்கள் ஷீட்டில் இரண்டே கட்டம். ஓட்டினால் ஒன்று, ஓட்டாவிட்டால் ஓய்வு. ஏற்றுமிடத்தில் வரிசையில் நிற்கிற வண்டி கணக்குப்படி ஓடவில்லை. ஆகவே அது ஓய்வு. ஆனால் முன்வண்டி நகர்ந்தால் நாமும் நகரவேண்டும். அசந்தால் பின்னால் இருப்பவர் ஹாரனிலேயே எழுப்புவார், இல்லாவிட்டால் நம் இடத்தில் மூக்கை நுழைப்பார். ஒரு இரவும் ஒரு பகலும் அப்படிப் போகும். அது முடிந்து சரக்கு ஏறியதும் ஷீட்டைப் பார்த்து, ‘நல்லா ஓய்வெடுத்தாச்சு, கிளம்பு’ என்பார்கள். இத்தனை மணி ஓட்டினால் இத்தனை மணி ஓய்வு என்கிற விதியை யாரும் மீறவில்லை. காகிதத்தில் ஒரு குற்றமும் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம், நாங்களே பரிமாறிக்கொண்டு.

சோதித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து வண்டிக்காரரைக் கேட்டேன். “என்ன பண்ணிட்டிருக்கே?” என்றேன். “ஓய்வுல இருக்கேண்ணே” என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டார்.

எல்லா இடத்திலும் இதே அர்த்தம்தான். உன் ஊர்க் கம்பெனியிலும் அதுவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மூன்று கேள்வி கேட்டேன், இரண்டுக்குத்தான் பதில் வந்தது. மூன்றாவதை அண்ணியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் பதிலை வக்கீலம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், முதல் தடவையாக இருமாமல் பேசினார். “இதாம்மா விஷயம். ஷீட்ல பொய் இல்லை, வார்த்தையிலதான் பொய் இருக்கு” என்றார். அப்புறம் உட்கார்ந்து இருமினார். கடிதம் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்காதாம். ஒரு டிரைவர் வந்து சொல்லவேண்டும். அதிலும் சொந்தக்காரர் சொன்னால், ‘அக்கறையில் சொல்கிறார்’ என்று ஒதுக்கிவிடுவார்களாம். ஆகவே நீ வருவது பற்றி நினைக்கவே வேண்டாம். உன் பிழைப்பு அங்கே ஓடுகிறது.

சொல்லவேண்டியவர் அந்த டிரைவர்தான். அன்றைக்கு எப்படி ஓய்வெடுத்தார் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறப்பாரா? திறந்தால் வேலை போகும், லைசென்ஸும் போகும். கம்பெனி சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வார். அவரிடம் போய் நாம் யாரும் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேசினால் சாட்சியைக் கலைத்ததாக ஆகி எல்லாம் கெட்டுவிடும்.

அவர் வீடு எங்கள் ஊரிலேயேதான் இருக்கிறதாம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எனக்கு அந்தத் தெருவில் கால் வைக்கப் பிடிக்கவில்லை.

வேறொன்று கேட்கிறேன். பெரிய லாரியில் சில சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றனவே, அவை எதற்கு?

உன் தங்கை


ஜூலை 8

தங்கைக்கு,

நலம். உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வண்டி காலியாகப் போகும்போது அந்தச் சக்கரங்களைத் தூக்கிவிடுவோம், சரக்கு ஏறினால் இறக்குவோம். டயர் தேயாது, டீசலும் மிச்சம்.

இங்கே நல்ல காற்று. சமையலறைக் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது, மாற்றிவிட்டேன். பாப்பாவுக்கு நாக்கை மடிக்க வருகிறது, எனக்கு வரவில்லை. மதியத்தில் எதிர்வீட்டுச் சுவரில் ஒரு பூனை வந்து உட்கார்கிறது. மாப்பிள்ளை எப்படி நடக்கிறார்?

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் பாப்பாவும் நலம்தானே? இங்கே இவர் ஊன்றுகோலோடு தெருக்கோடிவரை போய் வருகிறார்.

அண்ணனின் கடிதம் வந்தது. பூனையைப் பற்றி எழுதியிருக்கிறார். பூனை மதியத்தில் எங்கே உட்காரும் என்று லாரி ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒரு ஆணி அடிக்காதவர் குழாய் மாற்றியிருக்கிறார். எழுத்து நேராக இருக்கிறது, ஒரு வரிகூடக் கோணவில்லை. அவர் வண்டியில் இல்லை. எனக்கு மறைக்காதீர்கள், அண்ணி.

உங்கள் நாத்தனார்


ஜூலை 29

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம், அதில் பொய்யில்லை. உங்கள் கடிதத்தை அவர் பார்க்காமல் படித்தேன். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

மே மாதம் அவர் ஷீட்டில் ஓய்வு என்ற கட்டத்தில் ‘வரிசை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாற்றி எழுதச் சொன்னார்கள். மறுபடி ‘வரிசை’. மூன்றாவது தடவை மேனேஜர் கூப்பிட்டு, “ஓய்வுன்னு எழுதக் கஷ்டமா இருக்கா? சரி, இனிமே உனக்கு முழு ஓய்வுதான்” என்று சாவியை வாங்கிக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து அதையே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஏன் இந்த வம்பு என்று கேட்டேன். “அவ கேட்ட பிறகு அந்த வார்த்தையை எழுத வரமாட்டேங்குது” என்றார். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்க மாட்டேன். இப்போது இல்லை.

முதல் ஒரு வாரம் தூங்கினார், தூங்கினார், தூங்கிக்கொண்டே இருந்தார். டாக்டரைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். எழுந்த பிறகு வேறு ஆளாக இருந்தார். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாரே, அது போய்விட்டது.

இன்னொன்று. போன வாரம் வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பி நாலைந்து நாள் கழித்துத் திரும்பினார். சட்டையெல்லாம் குழந்தைப் பவுடர் வாசனை. வேலை கேட்கப் போன இடத்தில் யார் பவுடர் பூசினார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். உங்கள் ஊருக்கு வந்தாரா? வந்திருந்தால் உங்கள் வீட்டுக்கு வராமல் இருந்திருப்பாரா? எனக்கும் உங்களைப்போலக் கேள்வி கேட்கிற வியாதி வந்துவிட்டது.

அன்புடன், அண்ணி


அக்டோபர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. அண்ணி எழுதி விஷயம் தெரிந்த பிறகு உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். உன் பிழைப்பைப் பறித்தது என் கேள்வி. மன்னித்துக்கொள் என்றால், ‘போடி, போய் மாவு பிசை’ என்பாய். அதனால் கேட்கவில்லை.

நேற்று அந்த டிரைவரைக் கூண்டில் ஏற்றினார்கள். முதல் தடவையாக அவரை நேரில் பார்த்தேன். முரட்டு ஆளாக இருப்பார் என்று ஒன்பது மாதமாக மனசில் வரைந்து வைத்திருந்தேன். சின்ன உருவம், சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் கேட்டார்: “முந்தின நாள் நீங்க ஓய்வுல இருந்தீங்களா?”

“ஆமாங்க. ஓய்வுலதான் இருந்தேன்.”

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். உன் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் வக்கீலம்மா எழுந்தார். அவர் இருமவில்லை.

“அந்த ஓய்வை எங்க எடுத்தீங்க?”

“வண்டியில. லோடு ஏத்துற வரிசையில.”

“அப்ப வண்டி நின்னுட்டிருந்துதா, நகர்ந்துதா?”

கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு டிரைவரையே பார்த்தார்.

“விடியிற வரைக்கும் நகர்ந்துதுங்க.”

“நீங்க தூங்கினீங்களா?”

“இல்லைங்க. வரிசையில தூங்க முடியாதுங்க. அதை ஓய்வுன்னுதான் எழுதணும்.” பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: “திரும்புறப்ப கண்ணாடியைப் பார்த்தேனான்னு எல்லாரும் கேட்கறாங்க. பார்த்த மாதிரி ஒரு நினைப்பு இருக்குங்க. பார்த்தேன்னு சொல்ல முடியலை.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு ஓய்வில் எத்தனை விதம் என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டினார்.

அண்ணா, நான் அழுதேன். எதற்கு என்று எனக்கே புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இல்லை, தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வெளியே படிக்கட்டில் அவர் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன். அவளே மெதுவாகக் கேட்டாள்: “உங்கண்ணன் நல்லா இருக்காருங்களா?”

எனக்கு அண்ணன் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்குள் போய்விட்டாள். நீதான் சொல்லவேண்டும்.

உன் தங்கை


டிசம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமறிய எழுதினேன், பதில் இல்லை. பேருந்து ஓட்டும் வேலை கிடைத்திருப்பதாக அண்ணி சொன்னார். வேலை பிடித்திருக்கிறதா? வேளைக்கு வீட்டுக்கு வருகிறாயா?

தீர்ப்பு வந்துவிட்டது. உன் மாப்பிள்ளைமேல் துளித் தப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தூங்கவிடாமல் ஓட்டவிட்டது கம்பெனி, பொறுப்பும் கம்பெனியுடையது. இனி நின்று செய்ய முடியாத வேலைக்கும் சேர்த்து நஷ்டஈடு தரச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீலம்மா அதை வாசித்துக் காட்டிவிட்டு இருமினார். நான் பயந்துவிட்டேன், ஆனால் அது நிஜ இருமல். கடையை மூடவேண்டியதில்லை, அண்ணா. அடுப்பைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே ரொட்டியைத் தள்ளும்படி கட்டப்போகிறோம்.

டிரைவரின் லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவிட்டார்கள். வேலையும் போய்விட்டது. ஒரு காலத்தில் நான் கேட்ட தண்டனை அதுதான். கிடைத்தபோது இனிக்கவில்லை. கோபம் போய்விட்டது என்றால் பொய், பாதிதான் போயிருக்கிறது.

உன் மாப்பிள்ளை நேற்று ஊன்றுகோல் இல்லாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார். கொஞ்ச நேரம்தான். வேர்த்துக் கொட்டியது, ஆனால் நின்றார்.

ஒரு விஷயம் மனசை அரிக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் அந்த டிரைவர் மருந்துக்கடை முக்கில் வந்து நிற்கிறார். எங்கள் கடையைப் பார்க்கிறார். உள்ளே வருவதில்லை. நான் வாசலுக்கு வந்தால் போய்விடுகிறார். எதற்கு வருகிறார்? நீ அவர் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும். அவரிடம் என்ன சொன்னாய்? பதில் எழுதாவிட்டால் நேரில் வந்துவிடுவேன்.

கேள்விப்பெட்டி


டிசம்பர் 15

என் கேள்விப்பெட்டிக்கு,

நாங்கள் மூவரும் நலம், மனசாரச் சொல்கிறேன். தீர்ப்பைப் பாப்பாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். பேருந்து வேலை பிடித்திருக்கிறது. இங்கே வரிசை பயணிகளுக்குத்தான், எனக்கு இல்லை. முடிந்ததும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எழுதியிருந்தாய், அதை அப்படியே காப்பாற்றினேன். வீட்டில் கிடந்து தூங்கி எழுந்த பிறகு அந்த ஆளின் நினைப்பாகவே இருந்தது. எனக்கு நடந்திருக்கவேண்டியது அவருக்கு நடந்துவிட்டது என்று தோன்றியது. உன்னைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று உன் தெருப் பக்கம் வரவில்லை, சத்திரத்தில் தங்கினேன். இதற்கு நீ திட்டலாம்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. “நானும் டிரைவர்தாம்மா. ரொட்டிக்கடைக்காரர் என் தங்கச்சி வீட்டுக்காரர். சண்டைக்கு வரலை” என்றேன். கதவை மூடப்போனாள். உள்ளேயிருந்து அவர், “விடு, வரட்டும்” என்றார்.

விபத்துக்குப் பிறகு அவர் தூங்கவே இல்லை, தங்கச்சி. கண்ணை மூடினால் ‘புஸ்’ என்று கேட்கிறதாம், எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். குழந்தை வேறு ஓயாமல் அழுதது. நான் பேச்சுக் கொடுக்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலில் நடந்தேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். டயரைப் பற்றிப் பேசினோம், எந்தப் பாதையில் எங்கே குழி என்று பேசினோம். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஒரு காலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குழந்தையை நான் தெருக்கோடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பொழுது சாய்கிறவரை தூங்கினார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். எங்கே இருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்: “அவருக்குக் கால் எப்படி இருக்கு?”

அத்தனை நாளில் அவர் என்னைக் கேட்டது அது ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. “அது அவங்க சொல்ல வேண்டியது. ஒரு நாள் போய்க் கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். கோர்ட்டில் என்ன சொல்வது என்று அவராகத்தான் முடிவு செய்திருக்கிறார்.

முக்கில் வந்து நிற்பது அதற்காகத்தான். உன் பாதிக் கோபம் இருக்கட்டும், அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த தடவை அவரைப் பார்த்தால் வாசலுக்கு வராதே, போய்விடுவார். உள்ளே இருந்தபடியே மாப்பிள்ளையை ஜன்னல் பக்கம் வரச் சொல். முடிந்தால் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொல்.

அண்ணன்